கடியாபட்டியில் ஒரு செட்டிநாட்டு விருந்து: சாப்பிடப் போகிறவர்களுக்கு

நல்ல பெரிய உணவகத்தில் நிதானமாக உட்கார்ந்து சாப்பிட வேண்டுமென்றால் சென்னைக்கோ புதுச்சேரிக்கோதான் போக வேண்டும் என்று நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் பலர் நினைக்கிறார்கள். புதுக்கோட்டையிலிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் திருமயம். அதற்குப் பக்கத்திலேயே கடியாபட்டியில் சிதம்பர விலாஸ் இருக்கிறது. நூறாண்டைத் தாண்டிய நகரத்தார் வீடு, இப்போது பாரம்பரிய ஓட்டல். இத்தாலியப் பளிங்கும் பர்மாத் தேக்கும் கப்பலேறி வந்து வீடுகளாக எழுந்த காலத்தைச் சேர்ந்தது. அந்தக் கப்பல்கள் போய்வந்த நாடுகளின் ருசி இலையிலும் இருக்கிறது. காரத்தை மட்டும் எதிர்பார்த்துப் போகிறவர்கள் பாதி விருந்தைத் தவறவிட்டுத்தான் திரும்புவார்கள்.

முதல் வேலை, குறைந்தது ஒரு நாள் முன்னதாகப் போன் செய்வது. தங்காமல் மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் வரலாமா, தலைக்கு எவ்வளவு, வரி சேர்த்தா சேர்க்காமலா என்று தெளிவாகக் கேளுங்கள். சைவம் எத்தனை பேர், அசைவம் எத்தனை பேர், குழந்தைகள் உண்டா என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். அன்றைக்குக் கவுனி என்ற கருப்பரிசி இனிப்பு உண்டா என்று கேட்க மறக்காதீர்கள். முதல் நாள் இரவே ஊறப்போட வேண்டிய அரிசி அது. இலை போட்ட பிறகு கேட்டால் யாராலும் செய்து தர முடியாது.

காலையில் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொண்டு கிளம்புங்கள். திருமயம் கோட்டையைப் பார்ப்பதென்றால் சாப்பாட்டுக்கு முன்பே பார்த்துவிடுவது நல்லது. 1687-ல் ராமநாதபுரம் சேதுபதி கட்டிய கோட்டை, பாறை மேல் ஏற வேண்டும், வயிறு நிறைந்த பிறகு நடக்கிற காரியமில்லை. அடிவாரத்தில் சத்தியமூர்த்திப் பெருமாளும் சத்தியகிரீஸ்வரரும் அடுத்தடுத்துக் குடைவரைகளில் இருக்கிறார்கள். மதியம் நடை சாத்துவதற்குள் தரிசனத்தை முடித்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டு நேரத்துக்கு அரைமணி முன்னதாகச் சிதம்பர விலாஸுக்குப் போய்விட்டால் முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று நடந்து பார்க்கலாம். தூணைத் தொட்டுப் பாருங்கள், தரையின் குளிர்ச்சியைக் காலால் உணருங்கள்.

வாழையிலை போடும்போது நுனி உங்கள் இடப்பக்கம் இருக்கட்டும். எல்லாம் பரிமாறி முடியும்வரை கை வைக்காமல் பொறுங்கள். இத்தாலிய உணவகத்தில் ஒன்று முடிந்து ஒன்றாகத் தட்டு வரும். இங்கே எல்லாம் ஒரே இலையில் வந்துவிடுவதால், எதை எப்போது தொடுவது என்ற ஒழுங்கை நீங்கள்தான் வைத்துக்கொள்ள வேண்டும். இனிப்பில் ஒரு வாய், பிறகு பருப்பும் நெய்யும், அதன் பிறகு குழம்பு, ரசம், கடைசியில் தயிர். குழம்புச் சோற்றிலேயே வயிற்றை நிரப்பிவிடாதீர்கள். பரிமாறுகிறவரிடம் "அண்ணே, கொஞ்சமா விடுங்க, அப்புறம் வாங்கிக்கிறேன்" என்று சொன்னால் போதும், அவரே மறுபடி வருவார்.

காரமில்லாத பதார்த்தங்களை முதலில் ருசியுங்கள். வெண்டைக்காய் மண்டி இருந்தால் அதிலிருந்து தொடங்கலாம். அரிசி கழுவிய தண்ணீரில் புளி கரைத்து, சின்ன வெங்காயமும் பூண்டும் போட்டுக் கொதிக்கவைக்கும் எளிய பண்டம், ஆனால் சமையல்காரரின் கைப்பக்குவம் அதில் தெரிந்துவிடும். பலா பருவத்தில் போனால் ஆலங்குடிப் பக்கத்துப் பலாப்பிஞ்சில் பிரட்டல் கிடைக்குமா என்று விசாரியுங்கள். நண்டு வந்தால் கையால்தான் சாப்பிட வேண்டும். காலை மூட்டில் ஒடித்து, ஓட்டைப் பல்லால் மெல்ல நெரித்து, மசாலாவோடு உறிஞ்சுங்கள். கூச்சப்பட்டால் சதை ஓட்டுக்குள்ளேயே தங்கிவிடும். மசாலாவில் முழுசாகத் தென்படும் கல்பாசி, மராட்டி மொக்கு, அன்னாசிப்பூ எல்லாம் மணத்துக்கு. கடிக்காமல் இலை ஓரம் ஒதுக்கிவையுங்கள். இவற்றில் அன்னாசிப்பூ தென்சீனா, வியட்நாம் பக்கத்துச் சரக்கு.

இந்த விருந்தின் உச்சம் என்று நான் சொல்வது கவுனி அரிசியைத்தான். 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்த பிறகு பர்மா அரிசிக்கு ஐரோப்பாவில் கிராக்கி ஏறியது. ஐராவதி டெல்டாவில் காடு திருத்தி நெல் போட்ட குடியானவர்களுக்குக் கடன் கொடுத்தவர்களில் முன்னால் நின்றவர்கள் நகரத்தார். அந்தப் பழக்கத்தில் ஊருக்கு வந்த கருப்பு ஒட்டரிசிதான் கவுனி. 1942-ல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் புகுந்ததும் கொடுக்கல் வாங்கல் முறிந்தது. அரிசி மட்டும் கல்யாண விருந்தில் நிலைத்துவிட்டது. ஊறவைத்த தண்ணீரைக் கொட்டாமல் அதிலேயே வேகவைத்து, சர்க்கரையும் தேங்காய்த் துருவலும் நெய்யும் சேர்ப்பார்கள். நிறம் கத்தரிப்பூவைவிடக் கறுத்திருக்கும். ஒவ்வொரு பருக்கையும் பல்லில் தனியாகக் கடிபடும், ஆனால் விரலில் ஒட்டும். சூடாக இருக்கும்போதே சாப்பிடுங்கள், ஆறினால் இறுகிவிடும். மலேசியாவில் இதே வகை அரிசியைத் தேங்காய்ப்பாலோடு புலுட் ஹித்தாம் என்று சாப்பிடுகிறார்கள். இத்தாலியர்கள்கூட 1990-களில் ஆசியக் கருப்பரிசியை அவர்களுடைய போ ஆற்றுச் சமவெளி ரகத்தோடு கலந்து 'வெனெரே' என்ற ரகத்தை உண்டாக்கினார்கள். இன்று அங்கே அதை இறால், கணவாயோடு பரிமாறுகிறார்கள். நம் பக்கம் கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் இறாலுக்கும் கணவாய்க்கும் பஞ்சமில்லை. எந்தச் சமையல்காரராவது கவுனியோடு சேர்த்துப் பார்க்கலாம்.

கவுனி இல்லாத நாளில் ரங்கூன் புட்டு உண்டா என்று கேளுங்கள். ரவையும் வெல்லமும் தேங்காயும் சேர்ந்தது, பெயரிலேயே ஊர் இருக்கிறது.

குழந்தைகளுக்கு வெள்ளைப் பணியாரமோ இடியாப்பமோ கிடைக்குமா என்று முன்பே பேசிவையுங்கள், பெரியவர்களின் குழம்பை ஊட்ட வேண்டாம். முடிந்ததும் இலையை உங்கள் பக்கமாக மடியுங்கள். பில்லைச் சரிபார்த்துக் கட்டிவிட்டு, சமைத்தவரைப் பார்த்து நன்றாயிருந்தது என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். பரிமாறியவர் பாராட்டு வாங்குவதுண்டு, அடுப்படியில் நின்றவரை யாரும் தேடிப் போவதில்லை.

வெளியே வந்ததும் தெருவெங்கும் இதே மாதிரி வீடுகள் தென்படும். கடியாபட்டியில் மட்டுமல்ல, ராயவரம், நச்சாந்துபட்டி, குழிபிறை, மேலைச்சிவபுரி என்று நம் மாவட்டத்துச் செட்டிநாட்டு ஊர்களிலெல்லாம் உண்டு. அவை குடும்பங்களின் சொந்த வீடுகள். பூட்டியிருந்தாலும் உரியவர்கள் கல்யாணத்துக்கும் முன்னோர்களுக்கான படைப்புக்கும் வந்து போகிறார்கள். காவலுக்கு இருப்பவரிடமோ வீட்டு ஆச்சியிடமோ அனுமதி கேட்காமல் உள்ளே நுழையவோ படம் எடுக்கவோ வேண்டாம்.