அப்பாவின் இரண்டு விரல்களும் ஓர் இ.எஸ்.ஐ. கார்டும்

மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்



நம் மலரில் கவிதை வரும், துணுக்கு வரும், டூர் போன கதை வரும். நான் ஒரு பாடம் எழுதுகிறேன். பரீட்சைக்கு இரண்டு மார்க் கேள்வியாக வருகிற பாடம்தான். ஆனால் எங்கள் வீட்டுக்கு அது இரண்டு விரல் விலையில் வந்து சேர்ந்தது.

என் அப்பா கோவை பக்கம் ஒரு பட்டறையில் பவர் பிரஸ் ஓட்டியவர். 2023 மே மாதம், நான் பத்தாவது எழுதி முடித்த லீவில், அவருடைய இடது கை பிரஸ்ஸில் மாட்டியது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின. முதலாளி தன் காரிலேயே தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார், பில் கட்டினார், கையில் ஐயாயிரம் கொடுத்தார். "நல்ல மனுசன்" என்று அம்மா கும்பிட்டாள். இரண்டு மாதம் சம்பளம் இல்லை. பிறகு அப்பா ஹெல்பராகக் குறைந்த கூலிக்குத் திரும்பிப் போனார். அத்தோடு முடிந்தது என்று நினைத்தோம்.

இரண்டாம் ஆண்டில் எங்கள் சார் இ.எஸ்.ஐ. பற்றிப் பாடம் நடத்தியபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. வீட்டுக்குப் போய் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். அப்பாவின் இ.எஸ்.ஐ. கார்டு ரேஷன் கார்டுக்கு அடியில் கிடந்தது. "அது காய்ச்சலுக்கு மருந்து வாங்குற கார்டுப்பா" என்றார் அப்பா. படித்தவர் இல்லாத வீடு. அதில் வேறென்ன இருக்கிறது என்று யார் சொல்வது?

யாருக்கு உண்டு?

இ.எஸ்.ஐ. சட்டம் வந்தது 1948-ல். திட்டம் தொடங்கியது 1952 பிப்ரவரி 24-ல், கான்பூரிலும் டில்லியிலும். 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, 2020 அந்தப் பழைய சட்டத்தின் இடத்துக்கு வந்துவிட்டது. திட்டம் அதற்குள் தொடர்கிறது.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தொழிற்சாலை இதில் வரும். மாதச் சம்பள வரம்பு 2017 ஜனவரி 1 முதல் 21,000 ரூபாய், மாற்றுத்திறனாளிக்கு 25,000. 2019 ஜூலை 1 முதல் தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். 15,000 சம்பளம் என்றால் நம்மிடம் பிடிப்பது 112 ரூபாய் 50 பைசா. முதலாளி போடுவது 487 ரூபாய் 50 பைசா. முதலாளியின் பங்கையும் நம் கூலியில் பிடித்தால் அது தப்பு.

அடிபட்டால் என்ன கிடைக்கும்?

கணக்குக்காக, சராசரி நாள் கூலி 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

1. தற்காலிக ஊனம்: வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குக் கூலியில் 90 சதவீதம், அதாவது நாளுக்கு 450 ரூபாய். விபத்து நடந்த நாளை விட்டுவிட்டு, குறைந்தது மூன்று நாளாவது வேலை செய்ய முடியாமல் இருக்க வேண்டும். சாதாரண நோய்க்குப் பணம் வாங்க, முன்னால் இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்று நிபந்தனை உண்டு. வேலை விபத்துக்கு அது கிடையாது. சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உரிமை உண்டு.

2. நிரந்தர ஊனம்: சம்பாதிக்கும் சக்தி எத்தனை சதவீதம் போயிற்று என்று மெடிக்கல் போர்டு சொல்லும். சட்டத்திலேயே ஓர் அட்டவணை இருக்கிறது. கட்டை விரல் போனால் 30 சதவீதம். ஒரு கையில் இரண்டு விரல் போனால் 20, மூன்று போனால் 30, நான்கும் போனால் 50. இரண்டு விரலுக்குக் கணக்குப் போடுங்கள்: 450-ல் 20 சதவீதம் 90 ரூபாய். முப்பது நாளுக்கு 2,700. இது ஒரு தடவை கொடுத்து முடிகிற பணம் அல்ல, ஆயுள் முழுக்க வரும். போர்டு சொன்னது குறைவு என்று பட்டால் அப்பீலும் உண்டு.

3. உயிரே போய்விட்டால்: குடும்பத்துக்கு அதே 90 சதவீதம். மனைவிக்கு ஐந்தில் மூன்று பங்கு, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஐந்தில் இரண்டு பங்கு. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் என்றால் 270, 180, 180. கூட்டினால் 630 ஆகிறது. மொத்தம் 450-ஐத் தாண்டக்கூடாது. அதனால் 3:2:2 என்ற விகிதத்தில் குறைத்து, மனைவிக்கு 192 ரூபாய் 86 பைசா, பிள்ளைக்கு 128 ரூபாய் 57 பைசா வீதம் வரும்.

வேலைக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ நடந்த விபத்தும், வேலையோடு தொடர்பு இருப்பது நிரூபணமானால், இதில் சேரும். முதலாளி சந்தா கட்டாமல் விட்டிருந்தாலும், இ.எஸ்.ஐ. கழகம் தொழிலாளிக்குக் கொடுத்துவிட்டு முதலாளியிடம் வசூலிக்க வழி இருக்கிறது.

நாம் அப்ரண்டிஸ் ஆகப் போனால்?

நம்மில் பல பேர் டிப்ளமோ முடித்ததும் 1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டப்படி பயிற்சிக்குப் போவோம். அந்தப் பயிற்சியாளருக்கு இ.எஸ்.ஐ. கிடையாது. அதற்காக அநாதை இல்லை. பயிற்சியில் அடிபட்டால் நிறுவனமே நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு சொல்கிறது. எந்தச் சட்டப்படி நம்மை எடுக்கிறார்கள் என்று கையெழுத்துப் போடும் முன் கேட்டு வாங்குங்கள்.

எங்கள் கதை எங்கே நின்றது?

போன வருசம் அப்பாவை அழைத்துக்கொண்டு இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்குப் போனேன். கவுன்ட்டரில் இருந்த அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார். "விபத்து ரிப்போர்ட் இருக்கா தம்பி?"

இல்லை. பட்டறை விபத்துப் பதிவேட்டில் ஒரு வரி எழுதவில்லை. ரிப்போர்ட் அனுப்பவில்லை. இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்கும் போகவில்லை. அந்த ஐயாயிரமும் கார் சவாரியும் எதற்கு என்று அன்றைக்குத்தான் அப்பாவுக்கு விளங்கியது. அவர் ஒன்றும் பேசவில்லை. மிச்சமிருந்த மூன்று விரலால் வேட்டி முனையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

தனியார் ஆஸ்பத்திரிச் சீட்டைத் தேடி எடுத்தோம். கூட வேலை பார்த்த அண்ணன் ஒருவர், "எனக்கு வேலை போனாலும் பரவாயில்லை" என்று நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டார். மனு கொடுத்தோம். பல மாதம் நடந்த பிறகு மெடிக்கல் போர்டுக்குத் தேதி வந்திருக்கிறது. முடிவு தெரியவில்லை. அன்றைக்கே ஒரு வரி எழுதியிருந்தால் இந்த நடை எதுவும் வேண்டியதில்லை.

ஆகவே நண்பர்களே, வீட்டில் யாராவது வேலைக்குப் போகிறார்களா? இன்றைக்கே கார்டை எடுத்துப் பாருங்கள். குடும்பத்தார் பெயர் எல்லாம் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். அடிபட்டால் அன்றே சூப்பர்வைசரிடம் சொல்லி, பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். இ.எஸ்.ஐ. டாக்டரிடம் காட்டிச் சர்டிபிகேட் வாங்குங்கள். சாட்சிகள் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. இன்னும் இரண்டு மூன்று வருசத்தில் நம்மில் பாதிப் பேர் சூப்பர்வைசர். அந்தப் பதிவேடு நம் மேஜையில் இருக்கும். ஒருநாள் ஒரு பிரஸ் ஆபரேட்டர் ரத்தத்தோடு வந்து நிற்பார். "எழுத வேண்டாம், நான் பார்த்துக்கிறேன்" என்று மேலிருந்து ஒரு குரல் வரும். அப்போது என் அப்பாவை ஒரு நிமிஷம் நினைத்துக்கொண்டு, பேனாவை எடுங்கள்.