வெளிநாட்டு வணிகப் பங்காளரை அழைத்தல்: அழைப்புக் கடிதமும் குறுங்கால வணிக விசாவும்

வணிகக் கல்வி – தரம் 11

மாணவர்களே, வெளிநாட்டு வர்த்தகம் என்றவுடன் ஏற்றுமதி, இறக்குமதி, நாணயக் கடிதம், கப்பற் சரக்கு ஆகியவற்றையே பலரும் எழுதுவீர்கள். ஆனால் பொருள் கப்பலேறுவதற்கு முன்னர் மனிதர்கள் பயணம் செய்யவேண்டியிருக்கிறது. கொள்வனவாளர் தொழிற்சாலையை நேரில் பார்க்காமல் பெரிய கட்டளையை இடுவது அரிது. அவரை முறைப்படி அழைப்பதும் வணிகத் தொடர்பாடலின் ஒரு பகுதியே ஆகும்.

பின்வரும் சம்பவத்தை எடுத்துக்கொள்வோம். சிலாபத்திலுள்ள கம்பனி ஒன்று தென்னந்தும்பினால் கால்மிதிகளும் தூரிகைகளும் செய்து ஏற்றுமதி செய்கிறது. யப்பானின் ஒசாக்கா நகரக் கொள்வனவாளர் ஒருவர் மாதிரிகளைப் பார்த்துத் திருப்தியடைந்துள்ளார். தொழிற்சாலையைப் பார்வையிட்டு விலை பேச அவரும் அவரது பொறியியலாளரும் பத்து நாட்களுக்கு வர விரும்புகின்றனர்.

இலங்கைக்குள் வெளிநாட்டவர் நுழைவதையும் தங்குவதையும் 1948 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கக் குடிவருவோர் குடியகல்வோர் சட்டம் நெறிப்படுத்துகிறது. இதனை நடைமுறைப்படுத்துவது குடிவரவு குடியகல்வுத் திணைக்களம். 2012 ஜனவரி 1 ஆம் திகதி வரை பல நாட்டவர்கள் விமான நிலையத்தில் இறங்கிய பின்னரே விசா பெற்றுவந்தனர். அத்தினத்திலிருந்து பயணத்துக்கு முன்னரே இணையத்தில் விண்ணப்பிக்கும் இலத்திரனியல் பயண அனுமதி முறை வந்தது. 2024 ஏப்ரலில் இவ்வேலை வெளிநாட்டுத் தனியார் நிறுவனங்களிடம் கையளிக்கப்பட்டது; அதற்கு எதிரான வழக்குகளில் 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது; செப்டெம்பர் இறுதியில் பழைய முறை மீண்டும் இயங்கத் தொடங்கியது. ஆகவே பழைய கைநூல்களில் உள்ள நடைமுறையை அப்படியே மனனஞ்செய்ய வேண்டாம். கட்டணங்களும் அடிக்கடி மாறுபவை.

இவ்வனுமதியில் சுற்றுலா, வணிகம் என நோக்கங்கள் வேறுபடுத்தப்பட்டுள்ளன. வணிக நோக்கத்தில் கூட்டங்கள், பேச்சுவார்த்தைகள், மாநாடுகள், கருத்தரங்குகள், குறுங்காலப் பயிற்சிகள் முதலியவற்றில் பங்குபற்றலாம். வழமையாக 30 நாட்கள் தங்க இது இடமளிக்கிறது. விண்ணப்பத்தை வருபவரே செய்யலாம். அவர் சார்பில் வேறொருவரும் செய்யலாம். வரும் நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதங்களுக்காவது கடவுச்சீட்டு செல்லுபடியாக இருத்தல் வேண்டும்.

கவனிக்குக: பயண அனுமதி என்பது விசா அல்ல. அது முன் அங்கீகாரம் மாத்திரமே. கட்டுநாயக்கவில் குடிவரவு அதிகாரி விசாரித்துத் திருப்தியடைந்த பின்னரே குறுங்கால வருகை விசா வழங்கப்படும். “எதற்காக வந்தீர்கள்? யாரைச் சந்திக்கப் போகிறீர்கள்?” என்று அவர் கேட்டால் கொள்வனவாளரின் கையில் இருக்கவேண்டியது அழைப்புக் கடிதமாகும். நடைமுறையில் இது ஆங்கிலத்திலேயே எழுதப்படும். விளங்கிக்கொள்வதற்காக அதன் மாதிரி தமிழில் தரப்படுகிறது.

(கம்பனியின் பெயர், முகவரி, பதிவிலக்கம் உள்ள கடிதத் தாள்)
திகதி: ................

ஐயா,

வணிகப் பேச்சுவார்த்தைக்கான அழைப்பு

எமது கம்பனி 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் பதிவுசெய்யப்பட்டது. தென்னந்தும்புப் பொருட்களை உற்பத்தி செய்து ஏற்றுமதி செய்கிறது. தங்கள் நிறுவனத்தின் கொள்வனவு முகாமையாளர் திரு. ................ (கடவுச்சீட்டு இல. ................) அவர்களை ................ முதல் ................ வரை பத்து நாட்களுக்கு இலங்கைக்கு வருமாறு அழைக்கிறோம். இக்காலத்தில் அவர் சிலாபத்திலுள்ள எமது தொழிற்சாலையைப் பார்வையிட்டு, தரம், விலை, விநியோக நிபந்தனைகள் தொடர்பாக எம்முடன் பேச்சுவார்த்தை நடத்துவார். விமானப் பயணச் செலவை அவரது நிறுவனமும் இலங்கையில் தங்குமிட, உள்நாட்டுப் போக்குவரத்துச் செலவுகளை எமது கம்பனியும் ஏற்கும். நிகழ்ச்சிநிரல் இணைக்கப்பட்டுள்ளது.

இவ்வண்ணம்,
(கையொப்பம், பெயர், பதவி, இறப்பர் முத்திரை)

மாணவர்களின் விடைகளில் வாழ்த்தும் உபசார வார்த்தைகளும் அரைப் பக்கம் இருக்கும், திகதி இராது. “வசதியான காலத்தில் வந்து தேவையான நாட்கள் தங்கலாம்” என்று எழுதுவது விருந்தினருக்கு நல்லது, குடிவரவு அதிகாரிக்கு உதவாது. பெயரைக் கடவுச்சீட்டில் உள்ளவாறே எழுத வேண்டும். யார் எந்தச் செலவை ஏற்பது என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். கடிதத்தில் உள்ள ஒவ்வொரு வசனமும் கம்பனி கொடுக்கும் வாக்கு என்பதை மனதில் வைத்து எழுதினால் பிழை குறையும்.

இனிப் பொறியியலாளருக்கு வருவோம். சிக்கல் இங்கேதான் உள்ளது. தூரிகை செய்யும் புதிய இயந்திரம் சிலாபத்தில் சரியாக ஓடவில்லை. “வந்த கையோடு ஒரு மாதம் நின்று இயந்திரத்தை ஓட்டித் தாருங்கள், சம்பளம் தருகிறோம்” என்று கம்பனி கேட்கிறது. கடிதத்திலோ “பேச்சுவார்த்தைக்காக” என்றே எழுதப்போகிறது. இயந்திரத்தைப் பார்த்து அபிப்பிராயம் சொல்வது பேச்சுவார்த்தையில் அடங்கும். உற்பத்தி வரிசையில் நின்று வேலை செய்து இலங்கைக் கம்பனியிடம் ஊதியம் பெறுவது தொழிலாகும். அதற்குத் தொழில் புரிவதற்கான வதிவிட விசா வேண்டும். அதற்கான அனுமதியை அவர் வருவதற்கு முன்னரே கம்பனி கோரவேண்டும். இரண்டுக்கும் ஒரே கடிதத்தைப் பயன்படுத்தினால், விசா நிபந்தனையை மீறியவராகப் பொறியியலாளர் அகப்படுவார். பொய்யான நோக்கத்தை எழுதியது கம்பனி. கட்டளையும் கைநழுவிப் போகலாம்.

எதிர்த்திசையிலும் இதனைப் பார்க்கலாம். சிலாபக் கம்பனியின் முகாமையாளர் ஒசாக்காவுக்குச் செல்வதாயின், யப்பானின் குறுங்காலத் தங்கல் விசா தேவை. இதில் ஆகக் கூடியது 90 நாட்கள் தங்கலாம். வருமானம் ஈட்டும் வேலை செய்ய முடியாது. ஒசாக்கா நிறுவனம் அழைப்புக்கான காரணத்தை விளக்கும் கடிதத்தையும், நாளொன்றுக்கு எங்கே என்ன செய்வார் என்னும் தங்கல் அட்டவணையையும் தயாரித்து அனுப்பும். செலவை அந்நிறுவனம் ஏற்பதாயின் உத்தரவாதக் கடிதமும் வேண்டும். தங்கும் செலவு, திரும்பிச் செல்லும் செலவு, யப்பானியச் சட்டங்களைப் பின்பற்றச் செய்தல் ஆகிய மூன்றுக்கும் அது பொறுப்பேற்கிறது. இப்பொறுப்பு நீதிமன்றத்தில் அறவிடத்தக்க கடன் அல்ல. ஆனால் வாக்குத் தவறிய நிறுவனம் அடுத்த முறை அழைக்கும்போது அதன் கடிதத்துக்கு மதிப்பிராது. ஜேர்மனியில் நிலைமை கடுமையானது. அங்கே உத்தரவாதப் பத்திரத்தில் கையொப்பமிட்டவர், விருந்தினரின் வாழ்க்கைச் செலவுக்காக அரசு செலவிட்ட பணத்தைத் திருப்பிச் செலுத்தச் சட்டப்படி கடமைப்பட்டவர்.

மாதிரி வினாக்கள்

1. இலத்திரனியல் பயண அனுமதிக்கும் விசாவுக்கும் உள்ள வேறுபாடு யாது?
விடை: அனுமதி பயணத்துக்கு முன்னர் பெறும் அங்கீகாரம். விசா வந்திறங்கும் இடத்தில் அதிகாரியால் வழங்கப்படுவது.

2. “அழைப்புக் கடிதத்தில் செலவை ஏற்பவர் யார் எனக் குறிப்பிடுவது அவசியம்.” காரணம் தருக.
விடை: வருபவர் தங்கும் காலத்தில் வேலை தேடாமலும் அரசுக்குச் சுமையாகாமலும் இருப்பார் என்பதற்கு அது ஆதாரமாகும். இரு நிறுவனங்களுக்கிடையே பின்னர் பிணக்கு எழாமலும் தடுக்கும்.

3. மேற்படி சம்பவத்தில் சிலாபக் கம்பனியின் முகாமையாளராக நீங்கள் இருந்தால் பொறியியலாளர் விடயத்தில் என்ன செய்வீர்கள்?
விடை: கொள்வனவாளருடன் பேச்சுவார்த்தைக்கு மாத்திரம் பத்து நாட்களுக்கு அவரை அழைக்கலாம். இயந்திர வேலைக்குச் சம்பளம் கொடுத்து வைத்திருக்க வேண்டுமாயின் வதிவிட விசாவுக்கான அனுமதி கிடைத்த பின்னர் தனியாக அழைக்கலாம். (“இயந்திரத்தை இரவில் ஓட்டலாம்” என்று எழுதிய மாணவரும் உண்டு. புள்ளி இல்லை.)