மனைப் பெருக்கமும் ஊராட்சியின் தாங்குதிறனும்

கோவில்பட்டி நகரையொட்டிய இலுப்பையூரணி, பாண்டவர்மங்கலம், திட்டங்குளம், மந்தித்தோப்பு போன்ற ஊராட்சிகளில் கரிசற் புன்செய் மனைநிலமாக மாறிவருவதை நாம் காண்கிறோம். உளுந்தும் பருத்தியும் விளைந்த காட்டில் எல்லைக் கற்கள் நிற்கின்றன. தீப்பெட்டித் தொழிலும் கடலைமிட்டாய்த் தொழிலும், பள்ளி கல்லூரிகளும், இரயில் வசதியும் உள்ள நகரத்தின் அருகே குடியேற மக்கள் விரும்புவது இயல்பே. அதனைத் தடுப்பது நம் நோக்கமன்று. ஊரில் உள்ள பொது வசதிகள் இன்னும் எத்தனை வீடுகளைத் தாங்கும் என்று முன்னரே கணக்கிட்டு, அதற்கேற்பக் குடியிருப்பை வளர்ப்பது எங்ஙனம் என்பதையே இங்கு ஆராய்வோம்.

நம் முன்னோர்க்கு இக்கணக்குப் புதிதன்று. மழை குறைந்த இப்பகுதியில், அதுவும் பெரும்பாலும் வடகிழக்குப் பருவத்தில் மட்டுமே பெய்யுமிடத்தில், நிலத்தடி நீர் பல இடங்களில் உவர்ப்பாயிருக்க, ஊருணி கொண்ட நீரே ஊர் கொள்ளும் குடிக்கு அளவாக இருந்தது எனலாம். இலுப்பையூரணி தன் பெயரிலேயே ஊருணியைத் தாங்கி நிற்கிறது. இன்றோ கோவில்பட்டி நகருக்குத் தாமிரபரணி நீர் சீவலப்பேரியிலிருந்து குழாய்வழி வருகிறது. சிற்றூர்கள் பலவற்றுக்கும் கூட்டுக் குடிநீர்த் திட்டங்களே ஆதாரம். நீர் கண்ணுக்கெட்டாத தொலைவிலிருந்து வருவதால் அதன் அளவும் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

ஓர் உதாரணம் பார்ப்போம். 2019ஆம் ஆண்டில் தொடங்கிய ஜல் ஜீவன் இயக்கம், ஊரகத்தில் நபர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என அளவு வகுத்தது. ஒரு சிற்றூரில் 30,000 லிட்டர் கொள்ளும் மேல்நிலைத் தொட்டி உள்ளதென்றும், அது நாளுக்கொரு முறை நிரம்புகிறதென்றும் வைத்துக்கொள்வோம். அது 545 பேருக்குக் காணும். ஊரில் இப்போதே 500 பேர் இருப்பின், எஞ்சுவது 45 பேருக்கான நீர். அதாவது பதினொரு வீடுகளுக்கு உரியது. அங்கே 200 மனைகள் கொண்ட பிரிவு ஒன்று வருமாயின், வீட்டுக்கு நால்வர் வீதம் 800 பேருக்கு 44,000 லிட்டர் தேவை. தொட்டியை இருமுறை நிரப்பலாமே என்று சிலர் கேட்பர். கூட்டுத் திட்டத்தில் ஊருக்கு வரும் நீர், திட்டம் வகுத்த காலத்தில் கணித்த மக்கள்தொகையைப் பொறுத்தது. தொட்டியைப் பெருக்குவதனால் வரத்துப் பெருகாது.

இக்குறைவு எவரைச் சாரும் என்பதே முக்கியமான கேள்வி. புது இணைப்புகள் பிரதான குழாயை ஒட்டி எளிதில் கிடைத்துவிடுகின்றன. குழாயின் கடைக்கோடியிலுள்ள பழைய தெருவிலும் காலனியிலும் நீரின் வேகம் குறைகிறது. வாய்க்காலுக்குக் கடைமடை உண்டு, குழாய்க்கும் உண்டு. அங்கே குடத்துடன் காத்திருப்பவர் பெரும்பாலும் தீப்பெட்டி ஆலைக்கோ காட்டுக்கோ கூலிக்குச் செல்லும் பெண்களாவர்.

கரிசல் மண்ணின் இயல்பையும் கருதவேண்டும். ஈரத்தில் உப்பி, கோடையில் சுருங்கி வெடிக்கும் மண் இது. சுவர் விரிசல் காண்பதை யாவரும் அறிவர். மண்ணுக்குள் குழாய் இணைப்புகள் நெகிழ்ந்து நீர் கசிவதைப் பலர் அறியார். ஆகவே குழாயைச் சுற்றி மணல் பரப்பிப் பதித்தல் நன்று. நீரை மெதுவாகவே உட்கொள்ளும் இம்மண்ணில் உறிஞ்சுகுழியும் செம்மண் பூமியிற்போல் வேலை செய்யாது. வடிகாலின்றிப் பத்து வீடுகள் எழுந்தாலே மழைக்காலத்தில் கழிவுநீர் தெருவில் தேங்கும். மனைப் பிரிவில் வடிகாலின் போக்கிடம் எது என்பதை முதலிலேயே கேட்டறிதல் வேண்டும். பக்கத்துப் புன்செய் போக்கிடமாகாது.

இன்னொரு சிக்கல் உண்டு. மனைகள் ஒரே நாளில் விற்றாலும் வீடுகள் ஆண்டுக்கணக்கில் ஒவ்வொன்றாகவே எழும். 200 மனைகளில் பத்து வீடுகள் ஆங்காங்கே எழுந்தால், வீட்டுவரி வருவது பத்து வீட்டுக்கு. குழாயும் தெருவிளக்கும் செல்லவேண்டியதோ 200 மனைகளையும் கடந்து. ஊரையொட்டிய பகுதியை முதலிலும் தொலைவிலுள்ளதைப் பின்னரும் திறந்துவிடுமாறு கட்டங்களாகப் பிரித்தலே சிக்கனமானது.

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து ராமப்போ என்னும் ஊர் 1969இல் இதற்கொரு முறை கண்டது. கழிவுநீர்க் குழாய், வடிகால், பூங்காவும் பள்ளியும், சாலை, தீயணைப்பு நிலையம் ஆகியவற்றின் அருகாமைக்குப் புள்ளிகள் அளித்து, 15 புள்ளிகள் பெற்ற இடத்திலேயே குடியிருப்புக்கு அனுமதி என்றது. வசதிகளை 18 ஆண்டுகளில் தானே அமைத்துத் தரவும் திட்டமிட்டது. 1972இல் அம்மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றம் இதனை ஏற்றது. நமக்கு அதை அப்படியே பின்பற்ற இயலாது. வசதியைப் பெருக்காமல் அனுமதியை மட்டும் இறுக்கினால் மனை விலை ஏறி, ஏழைகள் இன்னும் தொலைவுக்குத் தள்ளப்படுவர் என்பதும் நினைவிற்குரியது.

நம் சட்டத்திலும் ஓரளவு இடமிருக்கிறது. 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டமும், 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளும் மனைப் பிரிவுகளுக்குப் பொருந்தும். பிரிவின் சாலைகள் உள்ளாட்சிக்குத் தானமாக ஒப்படைக்கப்பட வேண்டும். பரப்பு 10,000 சதுர மீட்டரைக் கடந்தால் பத்தில் ஒரு பங்கு திறந்தவெளியாக ஒதுக்கப்பட வேண்டும். அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப் பதிவுக்கு 2016இல் சென்னை உயர்நீதிமன்றம் தடைவிதித்தது. 2017இல் வரன்முறை விதிகள் வந்தன. வரன்முறை மனைக்கு உரிமை தரும்; குழாய்க்கு நீர் தராது.

ஆதலின் ஒவ்வோர் ஊராட்சியும் ஒரு பதிவேடு தொடங்கலாம். தொட்டியின் கொள்ளளவு, நாள்தோறும் உண்மையில் வரும் நீர், இணைப்புகளின் எண்ணிக்கை, பள்ளியின் வகுப்பறைகள், வடிகாலின் போக்கிடம், ஏற்கெனவே அங்கீகாரம் பெற்று வீடெழாத மனைகள் ஆகியவற்றைக் குறித்தால் போதும். இவற்றுள் கடைசி எண்ணே பெரும்பாலும் விடுபட்டுப் போவது. இதைக் கிராம சபையில் படித்துக்காட்டி, பற்றாக்குறையைக் கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் சேர்க்கலாம். இன்னும் எத்தனை வீட்டுக்கு நீருண்டு என்பதை ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுதிவைத்தால், மனை வாங்க வருவோரும் முன்பணம் கொடுக்குமுன் பார்த்துச் செல்வர்.