வெயிலால் தூய்மையாகும் குடிநீர்

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியால் ஏற்பட்ட வெள்ளமும் மண்சரிவும் மாத்தளை மாவட்டத்திலும் பல குடும்பங்களை இடம்பெயர வைத்தன. நிலத்தை இழந்த நாம் பிள்ளைகளின் சுகத்தையும் இழக்கலாகாது. புதிய இடத்துக் கிணற்றில் வயிற்றோட்டக் கிருமிகள் இருக்கலாம். கொதிக்க வைக்க விறகும் போதாமலிருக்கலாம். வெயில் எவ்வாறு உதவும் என இப்பாடத்தில் அறிவோம்.

ஒளியும் நுண்துகளும்

வெள்ளைப் பெயின்றில் சேர்க்கப்படும் தைத்தேனியம் ஈரொட்சைட்டு என்னும் தூளை மிக நுண்ணிய துகள்களாக்கலாம். அவற்றில் வெயிலின் புறஊதாக் கதிர் பட்டதும், அருகிலுள்ள நீரும் ஒட்சிசனும் வீரியமுள்ள பொருள்களாக மாறிக் கிருமியின் மேலுறையைச் சிதைக்கின்றன. ஒளியில் இத்தூள் நீரைப் பிரிக்க உதவுவதை யப்பானிய விஞ்ஞானிகள் புஜிஷிமாவும் ஹொண்டாவும் 1972இல் வெளியிட்டனர். 1985இல் இம்முறையால் கிருமிகளைக் கொல்லலாம் என மட்சுனாகா குழுவினர் காட்டினர். இதன் மூலப்பொருளான இல்மனைட் எமது புல்மோட்டைக் கடற்கரை மணலிலேயே உண்டு.

ஆனால் இத்தூளைக் குடிநீரில் கொட்டலாகாது. கண்ணாடி போன்ற பரப்பில் அதை உறுதியாகப் பதிக்க வேண்டும். அது வீட்டில் செய்யக்கூடிய வேலையன்று.

இன்றே செய்யக்கூடியது

தூளில்லாமலே வெயில் கிருமிகளைக் கொல்லும். 1980களில் பெய்ரூட்டில் அக்ரா என்ற பேராசிரியர் இதை ஆராய்ந்தார். 1991 முதல் சுவிற்சர்லாந்து ஆய்வாளர்கள் வளர்த்தனர்.

1. நிறமற்ற, கீறலில்லாத, 2 லீற்றருக்கு மேற்படாத பிளாஸ்டிக் போத்தலைக் கழுவி, லேபிளை அகற்றுங்கள்.

2. கலங்கல் நீரைத் தெளியவிட்டுத் துணியால் வடியுங்கள். நிரப்பிய போத்தலைப் பத்திரிகைத் தலைப்பின்மேல் நிறுத்தி மேலிருந்து பாருங்கள். எழுத்து தெரியாவிட்டால் அந்த நீர் இம்முறைக்கு உதவாது.

3. முக்கால் பங்கு நிரப்பி நன்றாகக் குலுக்கி, பின் முழுதாக நிரப்பி மூடுங்கள்.

4. கூரைத்தகட்டில் படுக்க வைத்து 6 மணிநேரம் வெயிலில் விடுங்கள். வானத்தில் பாதிக்குமேல் மேகமானால் 2 நாள் விடுங்கள். அடைமழையில் கொதிக்க வைப்பதே வழி.

5. வேறு பாத்திரத்தில் சேமிக்காமல் அதே போத்தலிலிருந்தே பருகுங்கள்.

மறக்கக்கூடாதது

வெயில் கிருமியைத்தான் கொல்லும். மரக்கறித் தோட்டத்திலிருந்து வழிந்த கிருமிநாசினியையோ, பசளையையோ, வரண்ட வலயக் கிணறுகளில் காணப்படும் புளோரைட்டையோ அது அகற்றாது. கொதிக்க வைத்தாலும் அகலாது. அவ்வாறான சந்தேகமிருந்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கூறி நீரைப் பரிசோதிக்கச் செய்வோம்.

கலந்துரையாடுவோம்

1. எமது கிணற்றுக்கும் மலசலகூடத்துக்கும் இடையே எவ்வளவு தூரம்?

2. எமது நீரில் இருப்பது கிருமியா, இரசாயனமா, இரண்டுமா? அதை அறிய யாரை அணுகுவோம்?