வகுப்பறை ஆராய்ச்சிக்கு இணையத்தைத் துணைகொள்ளும் முறை

கல்வி ஆராய்ச்சி என்பது சர்வகலாசாலைகளுக்கு உரியது, அங்கே கண்ட முடிவுகளை வகுப்பில் நிறைவேற்றுவது மாத்திரமே பள்ளி உபாத்தியாயருடைய கடமை என்றோர் அபிப்பிராயம் வெகுகாலமாக நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. அமெரிக்காவில் கொலம்பியா சர்வகலாசாலையின் ஆசிரியர் கல்லூரியைச் சேர்ந்த ஸ்டீபன் கோரி, செயலாராய்ச்சியைப் பற்றி 1953-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இந்த அபிப்பிராயத்தை மறுத்து, தம் வகுப்பிலுள்ள பிரச்சினையைத் தாமே ஆராய்ந்து விடை காணும் ஆசிரியரே அந்த விடையைத் தம் போதனையில் உண்மையாகக் கைக்கொள்வார் என்று வாதித்தார். தமிழ்நாட்டிலும் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள் இத்தகைய செயலாராய்ச்சியை ஊக்குவித்து வருகின்றன. எனினும், ஒரு பொருளைப்பற்றி முன்னோர் என்னென்ன கண்டார்கள் என்பதை அறிய வேண்டுமானால் பெரிய நூலகத்தை நாடியே தீரவேண்டும் என்றிருந்த நிலை கிராமத்து ஆசிரியருக்குப் பெருந்தடையாக நின்றது. அந்தத் தடையை இணையம் பெரும்பாலும் அகற்றிவிட்டது. ஆயினும் எதை எங்கே, எந்த வரிசையில் தேடுவது என்ற கிரமம் தெரியாதவருக்கு இணையத்திலுள்ள அறிவுச் செல்வத்தால் பிரயோஜனமில்லை. அக்கிரமத்தை, ஐந்தாம் வகுப்பில் பிழையின்றி உரக்க வாசித்தும் வாசித்ததன் பொருளைச் சொல்ல இயலாத பிள்ளைகளை உதாரணமாகக் கொண்டு, இங்கே படிப்படியாக விளக்குகிறேன்.

முதற்படி: வினாவை வரையறுத்தல்

கணினியையோ கைபேசியையோ திறப்பதற்கு முன், ஆராயப்போகும் வினாவை ஒரே வாக்கியமாகக் காகிதத்தில் எழுதுங்கள். “மாணவர் வாசிப்பில் ஏன் பின்தங்குகின்றனர்?” என்பது ஓர் ஆயுள் முழுவதும் ஆராயத்தக்க விஷயம்; ஒரு பருவத்தில் ஓர் ஆசிரியரால் முடிக்கத்தக்கதன்று. “பத்தியை வாசித்த பின் அதைத் தம் சொந்த வார்த்தைகளில் திருப்பிச் சொல்லும் பயிற்சியை எட்டு வாரங்கள் அளித்தால், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பொருளுணர்வு மேம்படுமா?” என்று குறுக்கினால், யாரிடம், எந்தப் பயிற்சியை, எவ்வளவு காலம், எதை அளப்பதற்காக என்ற நான்கும் தெளிவாகின்றன. பிறகு அந்த வாக்கியத்திலுள்ள முக்கியமான கருத்துகளுக்குரிய ஆங்கிலச் சொற்களையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்: பொருளுணர்வுக்கு ‘ரீடிங் காம்ப்ரிஹென்ஷன்’, திருப்பிச் சொல்லுதலுக்கு ‘ரீடெல்லிங்’, தொடக்கப்பள்ளிக்கு ‘எலிமெண்டரி ஸ்கூல்’, ‘பிரைமரி ஸ்கூல்’ ஆகிய இரண்டும். ஒரே கருத்தை வெவ்வேறு நாட்டார் வெவ்வேறு சொல்லால் வழங்குவதால், இந்தச் சிறு பட்டியலே பின்வரும் தேடல் முழுவதற்கும் ஆதாரமாகும்.

இரண்டாம் படி: நம் நாட்டு நிலையை அறிதல்

வினா தெளிவான பின், அந்தப் பிரச்சினை நம் நாட்டில் எவ்வளவு பரவியிருக்கிறது என்று பாருங்கள். பிரதம் என்னும் அமைப்பின் முயற்சியால் 2005 முதல் வெளிவரும் ‘அசர்’ அறிக்கை, கிராமப்புறங்களில் மாவட்டத்துக்கு 30 கிராமங்கள், கிராமத்துக்கு 20 வீடுகள் என்ற கணக்கில் வீட்டுக்கே சென்று, பிள்ளைகளைத் தனித்தனியே வாசிக்கச் செய்து தயாரிக்கப்படுவது. எழுத்து, சொல், முதல் வகுப்பு நிலையிலுள்ள பத்தி, இரண்டாம் வகுப்பு நிலையிலுள்ள கதை என்று படிப்படியாக அமைந்த அதன் வாசிப்புச் சாதனம் தமிழிலும் உண்டு. அதை அசர் தளத்திலிருந்து இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அது முக்கியமாக உரக்க வாசிக்கும் திறனை அளப்பதாகையால், நம் உதாரணத்தில் பயிற்சிக்குரிய பிள்ளைகளைத் தெரிந்தெடுக்க உதவுமேயன்றி, பொருளுணர்வை அளப்பதற்குப் போதாது. மாணவர் எண்ணிக்கை, கட்டட வசதி, ஆசிரியர் விகிதம் முதலிய விவரங்களுக்கு மத்திய கல்வி அமைச்சகத்தின் ‘யூடைஸ் பிளஸ்’ தளத்தை நாடுங்கள். ஒவ்வொரு பள்ளிக்கும் உள்ள 11 இலக்கக் குறியீட்டைக் கொண்டு பள்ளிவாரியாகவே பார்க்கலாம்.

மூன்றாம் படி: உலக ஆராய்ச்சிகளைத் தேடுதல்

இப்படியில் முதலில் நாடவேண்டியது ‘எரிக்’ என்னும் களஞ்சியம். 1960-களில் தொடங்கி, இப்போது அமெரிக்கக் கல்வித் துறையால் நடத்தப்பட்டு வரும் இதில், கல்வி ஒன்றைப் பற்றியே பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் உள்ளன. பதிவு எண் ‘இ.ஜே.’ என்று தொடங்கினால் அது சஞ்சிகைக் கட்டுரை, ‘இ.டி.’ என்று தொடங்கினால் அறிக்கை முதலிய பிற ஆவணம். தேடுபெட்டியின் அருகிலுள்ள இரண்டு கட்டங்களில், நிபுணர் பரிசீலனை பெற்றவற்றை மாத்திரம் காட்டுவது ஒன்று, முழு வாசகமும் அங்கேயே கிடைப்பவற்றை மாத்திரம் காட்டுவது மற்றொன்று. இரண்டையும் தெரிவுசெய்தால் பட்டியல் சுருங்கி, கைக்கெட்டுவது மாத்திரம் எஞ்சும். அத்துடன் எரிக்கின் சொற்களஞ்சியத்தில் உங்கள் சொல்லைத் தேடி, அங்கே அங்கீகரிக்கப்பட்ட பொருட்சொல் எதுவென்று கண்டு அதைக்கொண்டு மறுபடியும் தேடினால், முதல் தேடலில் தவறிப்போன கட்டுரைகளும் வந்து சேரும்.

அடுத்து, 2004-இல் தொடங்கிய ‘கூகுள் ஸ்காலர்’. இதன் விசேஷம், ஒவ்வொரு கட்டுரையின் கீழும் அதைப் பின்னால் மேற்கோள் காட்டிய கட்டுரைகளின் தொகுப்பு இணைந்திருப்பதே. எரிக்கில் கண்ட ஒரு நல்ல கட்டுரையின் தலைப்பை இரட்டை மேற்கோள் குறிக்குள் இட்டு இங்கே தேடி, அதை மேற்கோள் காட்டியவற்றை ஆண்டுவாரியாகப் பார்த்தால், அந்த முடிவைப் பிற்காலத்தார் உறுதிப்படுத்தினார்களா மறுத்தார்களா என்பது விளங்கும்.

நான்காம் படி: நம்மவர் செய்த ஆய்வுகள்

காந்திநகரிலுள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்தும் ‘சோத்கங்கா’வில் இந்தியச் சர்வகலாசாலைகளின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் திரட்டப்பட்டுள்ளன. ஆய்வேடுகளை மின்வடிவில் அளிக்க வேண்டுமென்று சர்வகலாசாலை மானியக்குழு 2009-இல் விதித்ததனால் வளர்ந்த இத்தொகுப்பில், தமிழ்நாட்டுச் சர்வகலாசாலைகளின் கல்வித் துறை ஆய்வேடுகளைத் துறைவாரியாகவே பார்வையிடலாம். தமிழில் எழுதப்பட்டவையும் உண்டு. அத்தியாயங்கள் பெரும்பாலும் தனித்தனிக் கோப்புகளாக இருப்பதால் முழுவதையும் இறக்க வேண்டியதில்லை. முன்னாய்வு அத்தியாயத்தையும் பின்னிணைப்பையும் முதலில் எடுங்கள். முன்னது உங்கள் பொருளில் இதுவரை நடந்தவற்றைத் தொகுத்துத் தரும், பின்னதில் அந்த ஆய்வாளர் பயன்படுத்திய வினாத்தாளையும் தேர்வையும் காணலாம். அவற்றை உங்கள் வகுப்பில் பயன்படுத்த விரும்பினால், உரியவரின் அனுமதியைப் பெறுவதே முறை. என்.சி.இ.ஆர்.டி.யின் சஞ்சிகைகளும், அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தின் ‘லேர்னிங் கர்வ்’ இதழும் இலவசமாகக் கிடைப்பவை. பின்னதில் ஆசிரியர்களே எழுதிய வகுப்பறை அனுபவங்கள் நிறைய உண்டு.

ஐந்தாம் படி: முழு வாசகத்தைப் பெறுதல்

சுருக்கத்தை மட்டும் காட்டிப் பணம் கேட்கும் பக்கத்தைக் கண்டு மனந்தளர வேண்டாம். ‘அன்பேவால்’ என்னும் இலவச உலாவி இணைப்பு, அதே கட்டுரையின் சட்டபூர்வமான இலவசப் பிரதி வேறெங்கேனும் இருந்தால் காட்டிவிடும். 2003-இல் ஸ்வீடனின் லுண்ட் சர்வகலாசாலையில் தொடங்கிய ‘டோஜ்’ அட்டவணை, யாவரும் இலவசமாக வாசிக்கத்தக்க சஞ்சிகைகளை மாத்திரமே கொண்டது. இரண்டும் பயன்படாவிட்டால், கட்டுரையாளருக்கு நான்கு வரியில் மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள். பலர் மகிழ்ச்சியோடு அனுப்பிவைப்பார்கள்.

ஆறாம் படி: கிடைத்ததை நிறுத்துப் பார்த்தல்

ஆசிரியருடைய விவேகம் மிகுதியும் வேண்டப்படுவது இப்படியில்தான். இங்கிலாந்தில் 2011-இல் நிறுவப்பட்ட ‘எஜுகேஷன் எண்டோமென்ட் ஃபவுண்டேஷன்’, போதனை முறைகள் பலவற்றைப் பற்றிய ஆராய்ச்சிகளைத் தொகுத்து, ஒவ்வொரு முறைக்கும் ஆகும் செலவு, சான்றின் வலிமை, அதனால் மாணவர் அடையும் கூடுதல் மாத முன்னேற்றம் ஆகிய மூன்றையும் ஒரே பட்டியலில் இலவசமாகத் தருகிறது. பொருளுணர்ந்து வாசிக்கும் உத்திகள் அங்கே குறைந்த செலவில் மிகுந்த பயன் தருவனவாகக் காணப்படுகின்றன. ஆயினும் அம்முடிவுக்கு ஆதாரமான ஆராய்ச்சிகளில் மிகப் பல, ஆங்கிலம் வாசிக்கும் பிள்ளைகளைப் பற்றியவை. ஆங்கிலக் குழந்தைக்கு எழுத்து 26. ஆனால் ஓர் எழுத்துக்கே பல ஒலிகள். தமிழ்க் குழந்தைக்கு எழுத்து 247. ஆனால் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பு பெரிதும் ஒழுங்கானது. ஆகையால் நம் பிள்ளை எழுத்துகளை முழுவதும் பழக நாளானாலும், பழகிய பின் பொருள் தெரியாத சொல்லையும் தடையின்றி உரக்க வாசித்துவிடக்கூடும். அதன்மேல், வீட்டில் பேசும் தமிழும் பாடநூலின் தமிழும் வேறுபடுவதனால், சரளமான வாசிப்புக்கும் பொருளுணர்வுக்கும் இடையே இன்னும் ஓர் இடைவெளி தோன்றுகிறது. இதை உணர்ந்த ஆசிரியர், பிறநாட்டு முடிவைப் பரீட்சித்துப் பார்க்கவேண்டிய கருத்தாகவே ஏற்றுக்கொள்வார். எத்தனை பிள்ளைகள், எந்த மொழியில், எவ்வளவு காலம், பயிற்சி பெறாத வகுப்போடு ஒப்பிட்டார்களா என்ற நான்கு வினாக்களை ஒவ்வொரு கட்டுரையிடமும் கேளுங்கள்.

ஏழாம் படி: குறிப்பெடுத்தல்

அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் சர்வகலாசாலையில் உருவாகி 2006-இல் வெளிவந்த ‘சோட்டரோ’ என்னும் இலவச மென்பொருள், கட்டுரையின் ஆசிரியர், ஆண்டு, சஞ்சிகை முதலிய விவரங்களைத் தானே சேமித்து, எழுதும்போது மேற்கோள் பட்டியலையும் அமைத்துத் தரும். ஒவ்வொரு கட்டுரைக்கும் கீழே, அது சொல்வது என்ன, என் வகுப்புக்கு அதில் பொருந்துவது எது, பொருந்தாதது எது என்று மூன்று வரி தமிழில் எழுதிவையுங்கள்.

எட்டாம் படி: அறநெறியும் வெளியீடும்

பயிற்சியைத் தொடங்குமுன் தலைமையாசிரியரின் அனுமதியையும் பெற்றோரின் சம்மதத்தையும் பெறுங்கள். பிள்ளைகளின் பெயரையோ புகைப்படத்தையோ அறிக்கையில் சேர்க்காதீர்கள். இதற்கான நெறிகளைப் பிரிட்டிஷ் கல்வி ஆராய்ச்சிச் சங்கத்தின் வழிகாட்டி விரிவாகச் சொல்கிறது. அதுவும் இணையத்தில் இலவசம். முடித்தபின், பணம் பெற்றுக்கொண்டு சில நாட்களிலேயே அச்சிட்டுத் தருவதாக வாக்களிக்கும் சஞ்சிகைகளைத் தவிர்த்து, ‘திங்க், செக், சப்மிட்’ என்னும் தளத்திலுள்ள வினாக்களைக் கொண்டு சஞ்சிகையைச் சோதித்த பின்னரே கட்டுரையை அனுப்புங்கள்.

திருப்பிச் சொல்லும் பயிற்சியால் பலன் விளைந்தாலும் விளையாவிட்டாலும், நடந்ததை நடந்தபடியே எழுதுங்கள். பலனளிக்காத முயற்சியை மறைத்துவிட்டால், அதே முயற்சியில் மற்றோர் ஆசிரியரும் அவருடைய மாணவரும் தம் காலத்தைச் செலவிட நேரும். தமிழ்ப் பிள்ளைகள் வாசிக்கக் கற்கும் விதத்தைப் பற்றிய அறிவு, அவர்களை நாள்தோறும் அருகிருந்து காணும் ஆசிரியர்கள் எழுதினாலன்றிப் பூரணமாகாது. அதை எழுதும் தகுதியும் அவர்களுக்கு உண்டு, அதற்கு வேண்டிய சாதனங்களும் இன்று அவர்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன.