கறியைக் குறைப்பதா, அடியோடு விடுவதா?

நம்பிக்கை: "விட்டால் முழுசாக விட வேண்டும், பாதி விட்டு என்ன பயன்?"

இதைச் சொல்பவர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். கறி உண்பவர் தம் தட்டில் எதையும் மாற்றாமலிருக்க இதைச் சொல்கிறார். பால், முட்டை, தேன்வரை விட்டுவிட்ட வீகன் நண்பரோ, வாரத்தில் நான்கு நாள் கறியை ஒதுக்கியவரைப் பார்த்து, "அப்போ மீதி மூன்று நாள்?" என்று கேட்கிறார். மாறலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் ஒருவரை இருவருமாகச் சேர்ந்து வாசலிலேயே நிறுத்திவிடுகிறார்கள்.

பூமி சூடாவதை மட்டும் வைத்துப் பார்த்தால், இந்த நம்பிக்கை கணக்கில் தோற்றுவிடுகிறது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிரிட்டனில் 55,000க்கும் மேற்பட்டவர்களின் உணவுப் பழக்கத்தை எடுத்துக்கொண்டு, அந்த உணவு விளைந்து தட்டுக்கு வருவதற்குள் எவ்வளவு பசுங்குடில் வாயு வெளியாகிறது என்று கணக்கிட்டார்கள். முடிவுகள் 2023இல் வெளிவந்தன. நாளொன்றுக்கு 100 கிராமுக்கு மேல் கறி உண்பவரின் உணவு, கரியமில வாயுக் கணக்கில், தினமும் 10.2 கிலோ. 50 கிராமுக்குள் நிறுத்திக்கொள்பவருக்கு 5.4 கிலோ. மீனோடு நிற்பவருக்கு 4.7, பாலும் முட்டையும் சேர்க்கும் சைவருக்கு 4.2, வீகனுக்கு 2.5. மேல்படியிலிருந்து கீழ்ப்படிவரை மொத்த இறக்கம் ஏழே முக்கால் கிலோ. அதில் ஏறக்குறைய ஐந்து கிலோ, கறியை விடாமல் அளவைக் குறைத்ததிலேயே வந்துவிடுகிறது.

2018இல் ஜோசப் பூரும் தாமஸ் நெமெசெக்கும் 'சயன்ஸ்' இதழில் எழுதிய ஆய்வை வீகன் நண்பர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டுவார்கள். 119 நாடுகளில் 38,000க்கும் அதிகமான பண்ணைகளின் விவரங்களைத் திரட்டிய பெரும் உழைப்பு அது. உலகம் முழுவதும் விலங்குணவை விட்டால் உணவுக்காகப் பயன்படும் நிலத்தில் 76 சதவீதம் விடுபடும், உணவால் வரும் வாயுக்கள் 49 சதவீதம் குறையும் என்று அது சொன்னது. அதே கட்டுரையில் அதிகம் பேசப்படாத இன்னொரு கணக்கும் இருக்கிறது. விலங்குணவைப் பாதியாகக் குறைத்து, அந்தப் பாதியும் மிக அதிகக் கெடுதல் செய்யும் பண்ணைகளிலிருந்து கழிந்தால், முழுதாக விட்டால் கிடைக்கும் வாயுக் குறைவில் 71 சதவீதம் கைக்கு வந்துவிடும். பாதி விட்டதற்குப் பாதிக்கும் மேல் பலன்.

வீகன் உணவின் மதிப்பு இதனால் குறைந்துவிடவில்லை. குறைவாகக் கறி உண்பவரின் 5.4 கிலோவோடு ஒப்பிட்டாலும் வீகனின் கணக்கு அதில் பாதிகூட இல்லை. அடியோடு விடக்கூடியவர் விடட்டும். முடியாதவர் ஒன்றுமே செய்யாமலிருக்க அதைச் சாக்காக்க வேண்டாம் என்பதே நான் சொல்வது. ஃபானலிட்டிக்ஸ் என்ற அமைப்பு 2014இல் அமெரிக்காவில் எடுத்த ஆய்வில், சைவத்துக்கோ வீகனுக்கோ மாறியவர்களில் 84 சதவீதத்தினர் பிறகு கறிக்குத் திரும்பியிருந்தார்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஆறு மாதத்தில் பழைய தட்டுக்கே திரும்புவதைவிட, ஆயுள் முழுக்கப் பாதி உண்பது மேல்.

நம்பிக்கை: "நாமெல்லாம் எங்கே அவ்வளவு சாப்பிடுகிறோம்?"

இது பாதி உண்மை. மத்திய அரசின் 2014ஆம் ஆண்டு மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 97 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் அசைவர். ஆனால் அசைவர் என்றால் தினமும் கறி என்று பொருளில்லை. ஞாயிறு மட்டும் கறி எடுத்து, ஆளுக்குக் கால் கிலோ விழும் வீட்டில், நாள் கணக்கு 36 கிராம்கூட வராது. ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வின் குறைவாக உண்போர் வரிசையில் அவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். செவ்வாய், வெள்ளி, அமாவாசை, கிருத்திகை, புரட்டாசி, ஐயப்பனுக்கு மாலை போட்ட நாட்கள் என்று நம் வீடுகளில் கறியில்லா நாட்கள் ஏராளம். அமெரிக்காவில் 2003இல் 'கறியில்லாத் திங்கள்' என்று இயக்கம் நடத்திச் சொல்ல வேண்டியிருந்ததை, நம் பாட்டிகள் நாட்காட்டி பார்த்துச் செய்துகொண்டிருந்தார்கள்.

பொய்யான பாதி நகரத்தில் இருக்கிறது. மதியம் பிரியாணி, இரவில் கிரில் சிக்கன், இடையில் ஒரு சிக்கன் ரோல் என்று வாரத்தில் நான்கைந்து நாள் போகும் இளைஞர், வாரத்துக்கு 700 கிராமை எளிதில் தாண்டுகிறார். அவர் அதிகமாக உண்போர் வரிசையில் சேர்ந்துவிட்டார். ஈட்-லான்செட் என்ற பன்னாட்டு உணவு ஆய்வுக் குழு 2019இல் பரிந்துரைத்த அளவு ஒரு வாரத்துக்குச் சுமார் 100 கிராம் சிவப்புக் கறி, 200 கிராம் கோழி. குறைக்கச் சொல்லும் பேச்சு அவருக்கானது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு அதில் பெரிய வேலை இல்லை.

நம்பிக்கை: "மட்டனை விட்டு சிக்கனுக்கு மாறிவிட்டேன், அது போதும்."

எதற்குப் போதும் என்று கேட்க வேண்டும். ஆடும் மாடும் அசைபோடும் விலங்குகள். அவற்றின் வயிற்றில் தீவனம் நொதிக்கும்போது மீத்தேன் உண்டாகிறது. நூறு ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல ஏறத்தாழ 28 மடங்கு சூடேற்றும் வாயு அது. கோழிக்கு அந்த வயிறு இல்லை. உலகச் சராசரியில் ஒரு கிலோ ஆட்டுக்கறியின் வாயுக் கணக்கு கோழிக்கறியைப் போல நான்கு மடங்கு. (மேய்ச்சல் நிலத்திலும் அறுவடை முடிந்த வயலிலும் மேய்ந்து, இரவில் கிடை போட்டு மண்ணுக்கு உரம் தரும் நம் செம்மறிகளை அந்தச் சராசரிக்குள் அப்படியே அடைப்பதும் சரியல்ல.)

உயிர்களின் பக்கம் நின்று எண்ணினால் இதே மாற்றம் தலைகீழாகிறது. ஓர் ஆட்டில் பத்துப் பன்னிரண்டு கிலோ கறி தேறும். அதே கறிக்கு ஏழெட்டு பிராய்லர் கோழிகள் சாக வேண்டும். அவை வாழ்வதே ஆறு, ஏழு வாரங்கள். ஆயிரக்கணக்கில் ஒரே கொட்டகையில், வேகமாக எடை ஏறும்படி வளர்க்கப்பட்டவை. முட்டைக் கோழியின் கதை இன்னும் கடினமானது. பொரிப்பகத்தில் பிறக்கும் சேவல் குஞ்சுகள் முட்டையிடாது, கறிக்கும் ஆகாது என்று பெரும்பாலும் பிறந்த அன்றே கொல்லப்படுகின்றன. காற்றுக்காக மாறியவர் மாறியது சரி. உயிர்களுக்காக மாறியவர் தெரியாமல் எதிர்த்திசையில் போயிருக்கிறார். மட்டனும் சிக்கனும் சேர்ந்து குறைந்தால்தான் இரண்டு கணக்கும் இறங்கும்.

நம்பிக்கை: "நான் சுத்த சைவம்; என் தட்டில் உயிர்ப்பலி இல்லை."

சைவ வீடுகளில் இதைச் சொல்லும்போது கோபம் வருகிறது. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். கன்று ஈனாமல் எந்த மாடும் பால் தராது. ஈன்ற கன்றுகளில் ஏறக்குறைய பாதி காளைக் கன்றுகள். டிராக்டர் வந்துவிட்ட ஊரில், கறவைக்காகவே வளர்க்கப்படும் கலப்பினத்தில் பிறந்த காளைக் கன்றுக்கு வேலை இல்லை. அது பட்டினியில் சாகிறது, அல்லது விற்கப்படுகிறது. கறவை வற்றிய மாட்டின் முடிவும் பெரும்பாலும் அதுவே. உலகிலேயே அதிகப் பால் கறக்கும் நாடான இந்தியா, எருமைக்கறி ஏற்றுமதியிலும் முன்வரிசையில் இருப்பது தற்செயல் இல்லை. அந்தக் கறி பால் தொழிலின் மறுபக்கம். ஒரு கிலோ பன்னீருக்கு ஐந்து லிட்டருக்குக் குறையாமல் பால் வேண்டும். கறியை விட்டுவிட்டு அந்த இடத்தில் பன்னீர் பட்டர் மசாலாவை வைப்பவர், ஆட்டை விட்டு மாட்டிடம் போயிருக்கிறார். ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வில் குறைவாகக் கறி உண்பவருக்கும் சைவருக்கும் இடையே பெரிய இடைவெளி இல்லாமல் போனதில் பாலுக்கும் பாலாடைக்கும் பங்குண்டு.

இந்த இடத்தில் வீகன்களின் அறம் தெளிவானது. பட்டுப்புடவைக்காகக் கூட்டோடு வேகும் புழுவரை அவர்கள் எண்ணுகிறார்கள். கொல்லப்படும் உயிருக்குப் 'பாதி' என்று ஒன்று இல்லை என்ற அவர்களின் வாதத்துக்கு என்னிடம் மறுப்பு இல்லை. ஆனால் உண்பவர் குறைந்தால் கொல்பவரும் குறைவார் என்பதும் உண்மை. வள்ளுவரின் 'புலால் மறுத்தல்' அதிகாரமே வாங்குவோரையும் விற்போரையும் சேர்த்து நிறுத்திப் பேசுகிறது. புரட்டாசியில் நாமக்கல் முட்டை விலை இறங்குவதைப் பார்க்கிறோமே. ஐப்பசி பிறந்ததும் ஒரு மாதப் பாக்கியைச் சேர்த்து உண்டுவிடுவதால்தான் அந்த இறக்கம் நிலைப்பதில்லை.

நம்பிக்கை: "பழைய சோற்றிலேயே பி12 இருக்கிறது."

வாட்ஸாப்பில் ஆண்டுக்கணக்காகச் சுற்றும் இந்தச் செய்தி ஆபத்தானது. பி12ஐ உண்டாக்குபவை சில வகை நுண்ணுயிர்கள் மட்டுமே. அரிசியிலோ கீரையிலோ பருப்பிலோ அது இல்லை. பழைய சோறும் இட்லி மாவும் புளிப்பதால் வேறு நன்மைகள் உண்டு. பி12க்கு அவற்றை நம்பக் கூடாது. ஸ்பைருலினாவில் இருப்பதும் பெரும்பாலும் நம் உடலுக்குப் பயன்படாத போலி வடிவம். கல்லீரலில் சேர்ந்த இருப்பு சில ஆண்டுகள் தாங்குவதால், வீகனாக மாறியவருக்கு முதலில் ஒன்றும் தெரியாது. பிறகு கால் மரத்துப்போகும், நடை தடுமாறும், மறதி வரும். கீரை நிறைய உண்பவருக்கு அதிலுள்ள ஃபோலேட் ரத்தசோகையை மறைத்துவிட, நரம்புச் சேதம் மட்டும் சத்தமின்றி நடக்கலாம். மாத்திரையிலுள்ள பி12 நுண்ணுயிர் வழியே தயாராவது. அதில் வீகன் அறத்துக்கும் இடைஞ்சல் இல்லை. விலங்குணவை அடியோடு விட்டவர் வேறு எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது.

புரதத்தைப் பற்றிய பயம் இதைவிடச் சிறியது. துவரம் பருப்பில் நூறு கிராமுக்கு 20 கிராமுக்கு மேலும், நிலக்கடலையில் 25 கிராம் அளவிலும், சோயாவில் அதற்கும் மேலும் புரதம் இருக்கிறது. சிக்கல் சாம்பாரைத் தண்ணீராக வைப்பதில்தான். சுண்டலை நவராத்திரியோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதில்லை. பாலை விட்டவருக்குக் கால்சியம் தர கேழ்வரகும் எள்ளும் நம்மிடம் இருக்கின்றன. எலும்பு விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். பிரிட்டனில் நடந்த எபிக்-ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வில் வீகன்களுக்கு எலும்பு முறிவு அதிகம் காணப்பட்டது.

நம்பிக்கை: "எல்லோரும் குறைக்க வேண்டும்."

இல்லை. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருப்பதாகத் தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. கறியிலும் மீனிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் எளிதில் ஏற்கும். கீரையிலும் பருப்பிலும் உள்ளதை ஏற்க எலுமிச்சையும் நெல்லிக்காயும் துணைக்கு வேண்டும், சாப்பிட்டவுடன் காபி கூடாது. வாரம் ஒருமுறை கருவாட்டுக் குழம்பும் முட்டையுமே நல்ல சத்து என்றிருக்கும் வீட்டுக்குப் போய்க் குறைக்கச் சொல்வது அநியாயம். சாதியின் பெயரால் கறி உண்பவரைத் தாழ்வாகப் பார்த்த நாட்டில், குறைக்கச் சொல்லும் பேச்சு தூய்மைப் பேச்சாக ஒலிக்காமல் பார்த்துக்கொள்வதும் நம் பொறுப்பு. குறைப்பதற்குக் கையில் மிச்சம் வைத்திருப்பவர்கள் குறைக்கட்டும். சத்துணவு மையத்தில் பிள்ளையின் தட்டில் விழும் முட்டையை மட்டும் இந்த விவாதத்துக்குள் யாரும் இழுக்காதீர்கள்.