திரைமுகப்பு மாற்றமும் பயனர் கருத்தும்

பழகிய கருவியை மாற்றுதல் எளிதன்று. கையானது ஒரு வழியிற் பழகிய பின்னர், அவ்வழி செவ்விதோ அன்றோ என மனம் ஆராய்வதில்லை. கை தானே செல்கின்றது. கணினித் திரையிலும் இஃது ஒக்கும். பொத்தான் எங்குளது, பட்டியல் எங்குளது என்பவற்றைப் பயனர் நாடோறும் எண்ணிப் பார்ப்பதில்லை. அவை இடம்பெயர்ந்த அன்றே அவற்றின் அருமையை உணர்கின்றனர். மூலநிரல் யாவர்க்கும் திறந்து வைக்கப்பட்டுள்ள இயங்குதளங்களில் இத்தகைய மாற்றங்கள் எழுப்பிய வழக்கினை ஈண்டு ஒருசிறிது ஆராய்வாம்.

லினக்ஸ் என்பது இயங்குதளத்தின் உட்கருவேயாம். நாம் கண்ணாற் கண்டு கையால் இயக்கும் திரைமுகப்போ பிற குழுவினரால் இயற்றப்படுவது. 1996-இல் தொடங்கிய கே.டி.இ.யும் 1997-இல் தொடங்கிய க்னோமும் அம்முகப்புக்களுட் பெரிதும் அறியப்பட்டவை. ஆகலின், உட்கரு மாறாதிருப்பவும் முகப்பு மட்டும் மாறுதல் கூடும். ஒன்றை நீக்கிப் பிறிதொன்றை அமைத்துக்கோடலும் கூடும்.

முதற்கண் பெரும் பூசல் விளைத்தது, 2008 ஜனவரியில் வெளிவந்த கே.டி.இ. 4.0 ஆகும். அது பெரும்பாலும் புதிதாகக் கட்டப்பட்டமையின், முந்திய பதிப்பிலிருந்த வசதிகள் பல அதிற் காணப்படவில்லை. அதன்பின் 2011 ஏப்ரலில் க்னோம் 3 வெளிவந்தது. 2002 முதல் வழங்கிய இரண்டாம் க்னோமில் மேலும் கீழும் பட்டைகள் இருந்தன. திறந்த சாளரங்களின் வரிசை கீழ்ப்பட்டையில் எப்போதும் தோன்றும். புதியதில் கீழ்ப்பட்டை மறைந்தது. சாளரத்தைச் சுருக்கும் பொத்தானும் பெருக்கும் பொத்தானும் இயல்பு அமைப்பினின்று நீக்கப்பட்டன. அதே திங்களில் உபுண்டு 11.04, இடப்புறம் நெடும்பட்டை கொண்ட யூனிட்டி என்னும் தன் முகப்பினை முன்வைத்தது. லினக்ஸ் உட்கருவைத் தோற்றுவித்த லினஸ் டார்வால்ட்சே க்னோம் 3-ஐ வெளிப்படையாகக் கடிந்து, எக்ஸ்.எப்.சி.இ. என்னும் எளிய முகப்பிற்கு மாறினார். பின்னர் க்னோமிற்கே மீண்டார்.

இருதிறத்தார் கூற்றையும் நடுநின்று நோக்குவாம். ஆக்கியோர் கூறுவது: திரைகள் அகன்றுவிட்டன, தொடுதிரைகளும் வந்துவிட்டன, பழைய அமைப்பு பழைய திரைக்கே உரியது. ஒவ்வொரு விருப்பத் தெரிவையும் காத்துவரின், சோதிக்க வேண்டுவனவும் பெருகும். பயனர் கூறுவது: எம் வேலை யாதென உசாவாமலே எம் கருவியை மாற்றிவிட்டனர், ஒரு சொடுக்கில் முடிந்தது இப்போது மூன்று வேண்டுகின்றது. இரண்டிலும் உண்மை உண்டு. மனநிறைவுற்றோர் வாளா இருப்பரென்பதும், குறையுற்றோரே குரல் எழுப்புவரென்பதும் உண்மையே. ஆயினும் அதுபற்றிக் குறை பொய்யாகிவிடாது.

நிற்க. “விரும்பாதார் தாமே வேறொன்று செய்துகொள்க” என்பது இவ்வுலகில் அடிக்கடி கேட்கப்படும் விடை. உரிமங்கள் இதற்கு இடந்தருகின்றன. அவ்வுரிமை கொண்டே, இரண்டாம் க்னோமின் நிரலைத் தழுவி மாத்தே என்னும் முகப்பு 2011-இல் தோன்றியது. லினக்ஸ் மின்ட் குழுவினர் சின்னமன் என்பதனை வளர்த்தனர். ஆனால் நிரல் எழுதவல்லார் சிலரே. கடிதம் எழுதவும் கணக்கு வைக்கவும் கணினியைக் கொள்ளும் முதியவர்க்கு அவ்விடை விடையாகுமா? ஆகாது. சிலர் முன்வந்து உழைத்தமையாலேயே அவ்வுரிமை பலர்க்கும் பயன்பட்டது. அவ்வுழைப்பும் சிறிதன்று, தான் சார்ந்திருந்த பழைய கருவித்தொகுதியை விடுத்துப் புதியதற்கு மாத்தே முற்றும் மாற 2017 வரை சென்றது. பிரிந்து செல்லும் உரிமை விலையில்லாததன்று. அவ்விலையைத் தருவோர் தன்னார்வலர்.

இனி, பயனர் கருத்தும் நிலையாயதன்று. 2017 ஏப்ரலில் உபுண்டுவின் நிறுவனர் மார்க் ஷட்டில்வொர்த், யூனிட்டியைக் கைவிட்டு க்னோமிற்கு மீளுவதாக அறிவித்தார். அவ்வாண்டு அக்டோபரில் 17.10 பதிப்பு அவ்வண்ணமே வந்தது. முன்னர்ப் பலரால் இகழப்பட்ட யூனிட்டிக்காக அப்போது வருந்தினாரும் பலர். 2022-இல் யூனிட்டியைக் கொண்ட உபுண்டு வகையொன்று ஏற்புடைய வகைகளுள் ஒன்றாகவும் சேர்க்கப்பட்டது. ஆறாண்டுப் பழக்கம் அயலைச் சுற்றமாக்கிவிட்டது போலும்! அங்ஙனமாயின், எதிர்ப்பெல்லாம் வெறும் பழக்கமென்று ஒதுக்கிவிடலாமோ? ஒதுக்குதல் தகாது. பழக்கம் என்பது பயனர் தம் காலத்தைச் செலவிட்டு ஈட்டிய பொருள். அதனை அழிப்பவர் ஈடாக யாது தருகின்றனர் என்று வினவுதல் முறையேயாம்.

ஆகவே கருத்துக்களை எண்ணிக்கையால் அளத்தல் போதாது. நிறுத்துப் பார்த்தல் வேண்டும். “இஃது அழகன்று” என்பதனினும், “இன்ன வேலை இதனால் தடைப்படுகின்றது” என்பது நிறை மிக்கது. பயனர் சின்னாள் பயின்று பார்த்துப் பின் குறை கூறுவாராக. ஆக்கியோரும் மாற்றத்தை முன்கூட்டி அறிவித்து, பழைய வழியைச் சில காலமேனும் காப்பாராக. க்னோம் குழுவினர் 2013-இல் 3.8 பதிப்பிற் பழைய தோற்றத்தை ஒத்ததோர் அமைப்பினைச் சேர்த்தமை இதற்குச் சான்றாம். யாவரும் திறந்து பார்க்கலாகும் நிரல் பெருங்கொடையே. அதனைக் கையாள்வார் சொல்லுக்குச் செவிதிறந்திருத்தலும் அக்கொடையின் பகுதியேயாம் என்பது நம் துணிபு.